வாசித்தால் போதுமா? பிள்ளைகளின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் வகை

பரீட்சை முடிந்து மதிப்பெண் அட்டை வீட்டிற்கு வரும் நாளில், நம் குடும்பங்களில் பெற்றோரின் கண் முதலில் செல்வது ஆங்கிலத்திற்கு எதிரே உள்ள எண்ணின் மீதுதான். கணக்கில் குறைந்தால் தனிப்பயிற்சி வைக்கலாம் என்று ஆறுதல் கொள்கிறோம். இந்தியில் குறைந்தால், தெருவில் நாலு பிள்ளைகளோடு விளையாடினால் தானே வந்துவிடும் என்கிறோம். ஆங்கிலத்தில் குறைந்தால் மட்டும் அன்றைக்கு வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நாகபுரியிலோ கரக்பூரிலோ டில்லியிலோ குடியேறி வாழும் நமக்கு, நாளை எந்த ஊருக்கு மாற்றல் ஆனாலும் பிள்ளைகளுடன் கூடவே வரும் மொழி அது என்ற எண்ணம் ஆழப் பதிந்திருக்கிறது. அவ்வெண்ணம் தவறென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால், அந்த எண் பிள்ளையிடம் எதை அளந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்று கேட்பவர் நம்முள் மிகச் சிலரே.

மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்காக 1963-ஆம் ஆண்டு தொடங்கிய கேந்திரிய வித்தியாலயங்களில் நம் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். அங்கும், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சார்ந்த பிற பள்ளிகளிலும், பத்தாம் வகுப்பு ஆங்கில எழுத்துத் தேர்வுக்கு அண்மை ஆண்டுகளில் 80 மதிப்பெண். அதில் சரிபாதியாகிய 40 பாடநூல்களில் உள்ள கதை, கவிதைகளுக்கு உரியது. கடிதமும் ஒரு பத்தியும் எழுதுவதற்கு 10. இலக்கணத்திற்கு 10. முன்பின் பாராத இரண்டு பத்திகளைக் கொடுத்து, படித்து விடையளிக்கச் சொல்வதற்கு 20. பாடநூல் பகுதியை ஓரளவு மனப்பாடத்தால் ஒப்பேற்றலாம். கடிதத்திற்கு ஒரு சட்டகம் உண்டு, அதையும் பழகிவிடலாம். பிள்ளை தானாக ஆங்கிலம் படித்துப் பொருள் அறிகிறானா என்பதை நேரே நின்று பார்ப்பது அந்த 20 மதிப்பெண் ஒன்றே. பத்தாம் வகுப்புக்கு மேல் அவன் எந்தப் படிப்புக்குப் போனாலும், எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும், அவனுக்குத் துணையாவதும் அந்தத் திறனே.

ஆயினும் அப்பகுதியில் கூட, விளங்காமலேயே விடை எழுதிவிட வழி இருக்கிறது. கீழ்வரும் தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள்: "பிலுங்கன் சந்தையில் நெடுவியைத் தோரினான், அதனால் அவன் மருகலாயினான்." பிலுங்கன் எதைத் தோரினான்? நெடுவியை. எங்கே தோரினான்? சந்தையில். ஏன் மருகலாயினான்? நெடுவியைத் தோரியதால். மூன்று வினா, மூன்று சரியான விடை. ஆனால் பிலுங்கன் யார், நெடுவி உண்ணும் பொருளா உடுக்கும் பொருளா, மருகலாவது நன்மையா தீமையா என்று நமக்கு ஒன்றும் தெரியாது. அவை நாம் இப்போது புனைந்த வெற்றுச் சொற்கள். நம் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலப் பத்திகளுக்கு விடையளிப்பது இவ்வாறுதான். வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடிக்கின்றனர். அது நிற்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுகின்றனர். திருத்துபவருக்கு நேரமில்லை, மதிப்பெண் விழுந்துவிடுகிறது. வினா சற்றே சாய்வாகக் கேட்கப்படும் வகுப்பை எட்டும்போதுதான், ஒன்பதிலோ பத்திலோ, பிள்ளை திடீரெனக் கீழே விழுகிறான். "எட்டாம் வகுப்பு வரை நன்றாகத்தானே படித்தான்" என்று பெற்றோர் திகைக்கின்றனர். உண்மையில் விழுந்தது அப்போது அன்று, தெரிந்தது அப்போது.

நம் குவார்ட்டர்ஸில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பையன் ஒருவன் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்தான். தந்தை வாசிக்கச் சொன்னார். பையன் தங்குதடையின்றி, ஏற்ற இறக்கத்துடன் வாசித்தான். கேட்டுக்கொண்டிருந்த நமக்கே பெருமையாக இருந்தது. "என்னடா எழுதியிருக்கு?" என்றார் தந்தை. "ஏதோ ரிஜிஸ்ட்ரேஷனாம்ப்பா" என்று சொல்லிவிட்டு அவன் தாளை மடித்து வைத்தான். அடுக்களையிலிருந்து வந்த தாயார் விடவில்லை. அவர் ஊரில் தமிழில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்; ஆங்கிலம் எழுத்துக்கூட்டி அறிவாரே அன்றி வேறில்லை. "தம்பி, யார் செய்யணும், என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ளே செய்யணும்? இந்த மூணை மட்டும் அதிலே பார்த்துச் சொல்லு" என்றார்.

பையன் மறுபடி படித்தான். இம்முறை வாய்விட்டு அன்று. வெகுநேரம் ஆயிற்று. "அம்மா, அப்பாதான் செய்யணும். என் பேரு, பிறந்த தேதி எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ளே கொடுக்கலைன்னா இருக்கிறபடியே அனுப்பிடுவாங்களாம்." பெயரைப் பார்த்தால், பள்ளிப் பட்டியலில் நம் வழக்கப்படி ஒற்றை எழுத்து முன்னே நிற்கிறது, பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுதாகப் பின்னே நிற்கிறது. வடக்கே வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இனிஷியல் சங்கடம் புதிதன்று. ஒருமுறை தப்பாகப் பதிந்த பெயரைப் பின்னர்த் திருத்த எத்தனை படி ஏறவேண்டும் என்பதை ஏறியவர் அறிவர். வெள்ளிக்கிழமைக்கு முன்பே திருத்திக் கொடுத்துவிட்டனர். அப்பையனுக்கு அந்தப் பருவத்தில் ஆங்கில இலக்கணத்தில் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

அந்த அம்மையார் செய்தது முதல்தரமான ஒரு வாசிப்புத் தேர்வு. அவர் கேட்டது வாக்கியத்தை அன்று, செய்தியை. கேட்டது தமிழில், பதில் பெற்றதும் தமிழில். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் பையன் தாளிலிருந்து ஒரு வரியை எடுத்து வாசித்திருப்பான். தமிழில் சொல்லவேண்டி வந்தபோது எடுத்து வைப்பதற்கு வரி ஏதும் இல்லை; விளங்கியதைத்தான் சொல்ல முடியும். இதையே நாம் நம் வாசகர்களுக்கு வற்புறுத்த விரும்புகிறோம். பிள்ளையின் ஆங்கில வாசிப்பைச் சோதிக்க ஆங்கிலம் அறியாத பெற்றோராலும் இயலும். அதற்குரிய கருவி நம் வீட்டிலேயே இருக்கும் தமிழ்.

இது நம் சொந்தக் கற்பனை அன்று. 'பிரதம்' என்னும் அமைப்பின் முயற்சியால் 2005 முதல் நம் நாட்டின் கிராமப் பகுதிகளில் 'ஏசர்' என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தொண்டர்கள் வீடுதோறும் சென்று, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து, வாய்மொழியாகச் சோதிக்கின்றனர். சில ஆண்டுகளில் ஆங்கிலமும் பார்க்கப்பட்டது: முதலில் பெரிய எழுத்து, பின் சிறிய எழுத்து, பின் எளிய சொற்கள், பின் எளிய வாக்கியங்கள். வாசித்த பிள்ளையிடம் அதன் பொருளை அவனுடைய மொழியிலேயே சொல்லச் சொல்கின்றனர். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஐந்தாம் வகுப்பில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்கக் கூடியவர் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். எட்டாம் வகுப்பில் ஏறத்தாழ 47 பேர். அவ்வாறு வாசித்தவர்களுள்ளும் பொருள் சொல்லக் கூடியவர் மூன்றில் இரண்டு பங்கினரே. எஞ்சிய ஒரு பங்கினர் வாசித்தனர், ஆனால் படிக்கவில்லை. கேட்டிருக்கும் பெற்றோருக்கு இவ்விருவகைப் பிள்ளைகளிடையே யாதொரு வேற்றுமையும் தெரிந்திராது; ஓசை ஒன்றுதானே!

"ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்க வேண்டும், இடையில் தமிழ் வந்தால் கெட்டுவிடும்" என்று சில ஆசிரியர்கள் அஞ்சுவதை நாம் அறிவோம். கற்பிப்பதற்கு அவ்விதி எவ்வளவு பொருந்தும் என்று வாதாட நமக்குத் தகுதி இல்லை. நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். விளங்கிற்றா என்று பார்ப்பது வேறு காரியம். எம் ரெயில்வேயில் நிலையப் பணிவிதிகளைப் படித்த ஊழியர், படித்துப் புரிந்துகொண்டதாக உறுதிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அங்கே ஒருவரும் எழுவாய், பயனிலை கேட்பதில்லை. ஆனால் நல்ல மேலதிகாரி கையெழுத்தோடு விடமாட்டார். "இந்தச் சிக்னல் பழுதானால் இன்றைக்கு நீர் என்ன செய்வீர், சொல்லும்" என்று அவரவர் பேசும் மொழியிலேயே கேட்பார். சொல்லத் தெரிந்தவருக்கே விதி விளங்கிற்று என்று பொருள்.

இனி இலக்கணம். அதை நாம் இகழவில்லை. பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் காலம், துணைவினை, எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு, அயற்கூற்று, பெயருக்கு முன்வரும் 'ஏ', 'தி' போன்ற சொற்கள் ஆகியவற்றைக் கேட்கிறது. இவற்றுள் எல்லாப் பிழையும் ஒரே எடை உடையதன்று. 'தி' வரவேண்டிய இடத்தில் 'ஏ' போட்டால் மதிப்பெண் ஒன்று போகும். பொருள் பெரும்பாலும் கெடாது. தமிழிலும் இந்தியிலும் 'தி' போன்றதொரு சொல் இல்லாமையால் நம் பிள்ளைகள் அங்கே தடுமாறுவது இயல்பே. அதுபோலவே, ஞாயிற்றுக்கிழமையில், ஜனவரியில், வீட்டில் என்று நமக்கு ஒரே 'இல்' போதும்; ஆங்கிலத்தானுக்கு அம்மூன்றிடத்தும் 'ஆன்', 'இன்', 'அட்' என்று வெவ்வேறு வேண்டியிருக்கிறது. இவை பழகப் பழகத் தேயும் பிழைகள்.

அயற்கூற்று அப்படியன்று. "நாளை வருவேன் என்று சொன்னான்" என்கிறோம். 'என்று' என்ற ஒரு சொல் அவன் பேச்சைப் பேசியபடியே தாங்கி நிற்கிறது. இந்தியிலும் 'கி' என்று சொல்லிவிட்டுப் பேச்சை அவ்வாறே வைக்கலாம். ஆங்கிலத்திலோ 'நான்' என்பது 'அவன்' ஆகிறது, 'வில்' என்பது 'வுட்' ஆகிறது, 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகிறது. நம் வீட்டு மொழியும் தெருவின் மொழியும் இரண்டும் துணைக்கு வாரா. இதை வெறும் மாற்றியெழுதும் விதியாகக் கற்ற பிள்ளை, கதையில் 'ஹி' என்று வரும்போது வரப்போகிறவன் யார், சொன்னவன் யார் என்று குழம்புகிறான். ஆகையால் அயற்கூற்றைச் சோதிக்க வேண்டுமானால் மாற்றி எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், அவ்வாக்கியத்தைக் காட்டி, "வாயைத் திறந்து பேசியவன் அப்போது சொன்ன சொல் என்ன? தமிழில் சொல்" என்று கேட்டால் போதும். 'மே', 'மஸ்ட்', 'ஷல்' போன்ற துணைவினைகளும் அத்தகையனவே. எம் விதிப்புத்தகத்தில் 'ஷல்' என்று இருந்தால் செய்தே தீரவேண்டும். 'மே' என்று இருந்தால் செய்யலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அவ்விரு வாக்கியங்களையும் காட்டி, "இதில் எதைச் செய்யாவிட்டால் தண்டனை?" என்று கேட்டுப் பாருங்கள்.

சொல்வளத்தைச் சோதிப்பதில் நம்மவர் செய்வது, பாடத்தின் பின்னே உள்ள கடினச் சொற்களை உருப்போடச் சொல்லி ஒப்பிக்கக் கேட்பது. பிள்ளை ஒப்பிக்கிறான், மறுவாரம் மறக்கிறான். வாசிப்புக்குத் தடையாவது பெரும்பாலும் அக்கடினச் சொற்களும் அல்ல. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், இன்று வங்காளதேசத்தின் தலைநகராக உள்ள டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தலைவராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகளைக் கண்டு அவர் 1926-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்கு முதலில் வேண்டுவது ஆங்கிலத்தைப் படித்துப் பொருளறியும் திறனே என்று வாதிட்டார். பின்னர் 1953-இல், எங்கும் மிகுதியாகப் புழங்கும் ஏறத்தாழ 2000 ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள பல பொருள்களில் எது எவ்வளவு வழங்குகிறது என்றும் குறித்து வெளியிட்டார். அருமையான சொற்களின் பட்டியல் அன்று அது. அன்றாடச் சொற்களின் பட்டியல்.

அன்றாடச் சொற்களே ஏமாற்றுபவை. 'சார்ஜ்' என்ற சொல்லைப் பிள்ளையிடம் கேட்டால் கைப்பேசியைக் காட்டுவான். ஸ்டேஷன் மாஸ்டர் 'சார்ஜ்' எடுப்பதும், பயணச்சீட்டு இல்லாதவரிடம் 'எக்சஸ் சார்ஜ்' வசூலிப்பதும், காளை மனிதன்மீது 'சார்ஜ்' செய்வதும், நீதிமன்றத்தில் ஒருவன்மீது 'சார்ஜ்' சாட்டப்படுவதும் வேறுவேறு. பத்தியில் காளை 'சார்ஜ்' செய்தது என்று வந்தால், கைப்பேசியை மட்டும் அறிந்த பிள்ளை என்ன நினைப்பான்! அறியாத சொல் என்றால் நின்று கேட்பான். அறிந்த சொல் போலத் தோன்றுவதால் தாண்டிப் போய்விடுகிறான். எனவே, சொல்லைத் தனியே பிடுங்கி 'இதற்குப் பொருள் என்ன' என்று கேளாமல், அது நிற்கும் வரியோடு காட்டி, 'இங்கே என்ன பொருள்' என்று கேட்க வேண்டும். 'சார்ஜ்', 'பிளாட்பாரம்', 'லைன்', 'குட்ஸ்' என்று நம் தமிழ்ப் பேச்சிலேயே நாள்தோறும் உருளும் ஆங்கிலச் சொற்கள் ஏராளம். அவற்றிலிருந்து தொடங்கினால் தாயும் தேர்வாளர் ஆகலாம்.

செலவில்லாத வேறொரு முறையும் உண்டு. வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர், ஒரு நடை படிப்பவருக்கு எளிதா கடினமா என்று அளக்க, 1953-இல் 'குளோஸ்' என்ற முறையை வெளியிட்டார். பத்தியில் ஐந்தாவது சொல்தோறும் அடித்துவிட்டு, படிப்பவரை நிரப்பச் சொல்வது அது. பின்னர் இது மொழித் தேர்வாகவே பரவிற்று. இதன் உயிர் எங்கே உள்ளது என்று தமிழிலேயே காணலாம்: "விடியற்காலையில் எழுந்த பாட்டி, வாசலில் சாணம் தெளித்துக் ______ போட்டாள்." கோலம் என்று நிரப்ப நமக்கு ஒரு கணமும் வேண்டியதில்லை; முன்னே வந்தவை விளங்கியதால் பின்னே வருவது தானே தோன்றுகிறது. விளங்காதவனுக்குத் தோன்றாது. வீட்டில் செய்வதாயின், பிள்ளை இன்னும் படிக்காத ஒரு பக்கத்தில் முதல் வாக்கியத்தை முழுதாக விட்டுவிட்டு, அதன்பின் ஏழாவது சொல்தோறும் சிறு காகிதத் துண்டால் மறைத்துவிடுங்கள். ஐந்துக்கு ஒன்று நம் பிள்ளைகளுக்குச் சற்றுக் கொடுமை. எண்ணத் தெரிந்தால் மறைக்கலாம். ஆங்கிலம் தெரிய வேண்டுவதில்லை. பாதிக்கு மேல் சரியாக வந்தால் அந்நூல் அவனுக்கு ஏற்றது. மூன்றில் ஒன்றும் தேறாவிட்டால் அதைவிட எளிய நூலைக் கொடுங்கள், அடிக்க வேண்டாம். 'இன்', 'அட்' போன்ற சிறுசொற்களில் மட்டும் தவறுகிறானா, பெயரும் வினையுமே தவறுகின்றனவா என்றும் பாருங்கள். முன்னது இலக்கணக் குறை, பின்னது விளங்காமை.

எதைக் கேட்கிறோமோ அதுவே தேர்வில் தெரியும் என்பதற்குத் தென்னாட்டிலேயே ஒரு சான்று உண்டு. என். எஸ். பிரபு என்ற அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாகக் கற்பிக்காமல், வரைபடத்தில் வழி காண்பது, நாட்காட்டி பார்ப்பது, ரெயில் கால அட்டவணையைக் கொண்டு பயணம் வகுப்பது போன்ற வேலைகளை ஆங்கிலத்தில் செய்யவைத்தார். கால அட்டவணை பாடப்பொருள் ஆயிற்று என்று படித்தபோது ரெயில்வேக்காரராகிய நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்! முடிவில் பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர், நான்கு பள்ளிகளில் இம்முறையில் பயின்ற வகுப்புகளையும் வழக்கமான முறையில் பயின்ற வகுப்புகளையும் பலவகைத் தேர்வுகளால் ஒப்பிட்டனர். வாக்கிய அமைப்பை நேராகக் கேட்ட தேர்வு பழைய முறை மாணவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. வேலையைச் செய்யச் சொன்ன தேர்வு புதுமுறையினருக்குச் சாதகமாக அமைந்தது. நாம் வீட்டில் எதைக் கேட்டு வருகிறோமோ, பிள்ளையும் அதற்கே தன்னைத் தயார் செய்துகொள்வான்.

கேட்பதை வாய்மொழியாகவே கேட்பது நல்லது. எழுதிக் கொண்டுவா என்றால், இக்காலத்தில் கைப்பேசியைத் தாளின்மேல் பிடித்தால் போதும். மொழிபெயர்ப்பும் விடையும் அதுவே தந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள், சாப்பாட்டிற்கு முன் கால் மணி நேரம். பள்ளிப் புத்தகத்திலோ செய்தித்தாளிலோ அரைப் பக்கம். முதலில் வாய்விடாமல் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடச் செய்து, "என்ன நடந்தது? ஏன் அப்படிச் செய்தார்கள்? அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். இரண்டாவது வினாவிலேதான் பெரும்பாலோர் நிற்பர். நின்றால் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஓர் இடர் எழும். கதை விளங்கியிருக்கும், தமிழில் சொல்ல வாய் வராது. பாதியில் இந்திக்குத் தாவுவான். அதைத் தோல்வியாகக் கணக்கிடாதீர்கள். ஆங்கிலம் அவனுக்கு விளங்கிற்று, தேர்வில் அவன் தேறிவிட்டான். இந்தியிலேயே சொல்லி முடிக்க விடுங்கள். முடித்த பின், அவன் தேடித் தவித்த நான்கைந்து சொற்களுக்கு மட்டும் தமிழைக் கொடுத்து, தம்பியிடமோ தங்கையிடமோ அக்கதையை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். 'பொறாமை' என்ற சொல்லை நம் குவார்ட்டர்ஸ் பிள்ளை ஒருத்தி அவ்வாறுதான் கற்றாள். அவள் படித்துக்கொண்டிருந்ததோ ஆங்கிலப் பாடம்.